எட்டாவது வரி

1962 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். மழை இல்லை, பெய்திருந்தால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் காற்றே அசையாத வெயில். எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைத் தெரு கடலில் போய் முடிந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. அது சனிக்கிழமை என்று அக்கா இன்றும் தொலைபேசியில் சாதிக்கிறார். எண்பத்து நாலு வயதுக்காரியோடு வாதாட முடியாது. கலண்டரைப் பார்த்துவிட்டேன், ஞாயிறுதான்.

அன்று அக்காவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வரவிருந்தார்கள். மாப்பிள்ளை லண்டனில் கணக்காளர் படிப்பு. சாதகம் பொருந்திவிட்டது. தரகர் தன் பங்குக்கு, பெண் சுவெட்டர் பின்னுவாள், அதிலும் முறுக்கிய கயிறு போலப் புடைத்து நிற்கும் கேபிள் பின்னல் பின்னுவாள் என்று சொல்லி வைத்திருந்தார். அக்காவுக்கு அப்போது கம்பளி நூலைக் கண்டாலே வியர்க்கும். ஆனாலும் அவர்கள் வருவதற்குச் சில கிழமைக்கு முன்பே ஒரு சுவெட்டரைத் தொடங்கவேண்டி வந்தது.

கேபிளில் ஏழு வரி சாதாரணம். எட்டாவது வரியில் ஆறு கண்ணிகளில் முதல் மூன்றைக் கழற்றி, ஒரு குட்டை ஊசியில் ஏற்றிப் பின்புறம் தொங்கவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்ன வேண்டும், பிறகுதான் தொங்குவதை. அப்போது கயிறு முறுக்கிக்கொள்ளும். அந்தக் குட்டை ஊசி நாங்கள் ஏறி இறங்கிய ஐந்து கடையிலும் இல்லை. அக்கா கொண்டை ஊசியை வைத்துப் பார்த்தார். கண்ணிகள் வழுக்கி, ஒருமுறை ஒன்பது வரி ஏணி போல அவிழ்ந்து இறங்கிவிட்டது.

அக்கா அழுதார். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினார். மூன்று கண்ணிகளை வெறுமனே கழற்றினார். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அவற்றின் அடியைக் கிள்ளிப் பிடித்தபடி அடுத்த மூன்றைப் பின்னினார். கிள்ளியிருந்ததை மீண்டும் ஊசியில் ஏற்றினார். ஒரு கண்ணிகூட விழவில்லை.

அப்பா அதைப் பழகிய இடம் காசநோய் ஆசுபத்திரி. நெஞ்சில் வருத்தத்தோடு பதினொரு மாதம் அங்கே கிடந்தார். கை சும்மா இருக்கக் கூடாதென்று நோயாளிகளுக்குப் பின்னல் பழக்கினார்கள். குணமாகி வீட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியிருந்தது. வெளியில் நாங்கள் சொன்னதோ, பதுளைக்கு வேலை மாற்றம் என்று. கசம் வந்த வீட்டில் அக்காலத்தில் பெண் எடுக்க மாட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. பதுளை என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள், ஏன் என்று சொல்லவில்லை.

அதன்பின் வீட்டில் ஓர் ஒழுங்கு வந்தது. ஏழு வரி அக்கா, எட்டாவது அப்பா, எண்ணுவது நான். ஏழு முடிந்ததும் கூப்பிடுவேன்; அப்பா எங்கிருந்தாலும் வருவார். அக்காவும் பழகத்தான் பார்த்தார். ஆனால் ஊசியிலிருந்து கண்ணியை விடும் நொடியில் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு எதைப் பின்னுவது?

வந்தவர்களுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். மாப்பிள்ளையின் தாய் பாதி முடிந்த சுவெட்டர் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"கயிறு வடிவா விழுந்திருக்கு. பின்னு பிள்ளை, பாப்பம்."

"தேத்தண்ணி ஆறப்போகுது, முதல் குடியுங்கோ," என்றார் அம்மா.

"குடிச்சுக்கொண்டே பாக்கிறன்."

ஆறு வரி முடிந்திருந்தது. அக்கா ஏழாவதைத் தொடங்கினார். ஐம்பத்திரண்டு கண்ணி; வழமையாக நாலு நிமிடம். அன்று பன்னிரண்டு நிமிடம் எடுத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவழியாகக் கடைசிக் கண்ணியும் ஊசி மாறியது.

"அப்பா, எட்டு!" என்றேன்.

அப்பா எழுந்தேவிட்டார். கையும் நீண்டுவிட்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"அப்ப ஐயாவோ பின்னுறவர்?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"சும்மா... பதுளையில இருக்கேக்க பொழுது போகாமல் பழகினவர்." அம்மாவின் குரல் கீச்சிட்டது.

"பதுளையிலயோ." அவர் சிரிக்கவில்லை. "எங்க, பின்னுங்கோ பாப்பம்."

அப்பா அக்காவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பின்னினார். மூன்றைக் கழற்றினார், கிள்ளினார். மாப்பிள்ளையின் தாய் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களோ? உங்களை மாதிரியே கிள்ளுறார்."

அவர் அதுவரை வடையைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. "அங்க கட்டிலுக்கு ரெண்டு ஊசிதானே குடுக்கிறவை," என்றார். "எத்தினை மாசம், ஐயா?"

அப்பாவின் ஊசி நின்றது. பொய் சொல்ல இன்னும் இடமிருந்தது.

"பதினொண்டு," என்றார்.

"நான் பதினாலு. மூண்டு மாசம் உங்களுக்கு சீனியர்!"

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். "இதைச் சொல்லுறதோ விடுறதோ எண்டு பஸ்ஸில வரேக்க ரெண்டு பேரும் ஒரே சண்டை. தரகர் வாயே திறக்கக் கூடாதெண்டவர்."

"எங்களுக்கும் அதைத்தான் சொன்னவர்," என்றார் அம்மா.

ஆவணியில் கலியாணம் என்று அன்றே பேசி முடித்தார்கள். அவர்கள் போனதும் அம்மா குசினிக்குள் அடுப்பருகே நின்று அழுதார். காரணத்தை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். அவர்கள் பதினாலு, நாங்கள் பதினொன்று. மூன்று மாத வித்தியாசத்தில் தோற்றுவிட்டோம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் தோற்றவருக்கு ஆறுதல் பரிசு உண்டு. வீட்டில் ஒருவரும் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் உண்டியலை உடைத்து, சந்திக் கடையில் ஒரு சொக்கலேட் வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டினேன்.

"இது ஏனடா?"

"ரெண்டாம் இடத்துக்கு."

அப்பா சிரித்தார், சிரிப்பு இருமலானது. இருமல் வந்தால் ஓடிப்போய்த் தெருப்பக்க ஜன்னலைச் சாத்துபவர், அன்று அந்த ஜன்னலருகிலேயே நின்று நிதானமாக இருமி முடித்தார். அதைப் பார்த்து அம்மா ஏன் மறுபடியும் கண்ணைத் துடைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்போதும் அழுகை தீரவில்லையே, என் செலவு வீண் என்றுதான் பட்டது. சொக்கலேட் அறுபது சதம், உடைத்த மண் உண்டியல் பதினைந்து சதம். ஆக மொத்தம் எழுபத்தைந்து சதம்.