பக்கத்து ஊர் குழாயில் எங்கள் ஊருக்கும் ஓர் இடம்

“உங்க வூட்டு கக்கூஸ் தண்ணி எங்கங்க போகுது?” என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதுதான் என் வேலை. படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்குபவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் அரியலூர் போகும் பஸ் நின்று போகிற சின்ன ஊர். பாதாள சாக்கடை கிடையாது. பக்கத்து டவுனில் குழாய், சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் இருக்கின்றன. எங்களையும் அதில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் சம்மதமும் ஆள் கணக்கும் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மகளிர் குழுவிலிருந்து என்னையும் சபியாவையும் அனுப்பினார்கள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஒரு கட்டம் தப்பாக நிரப்பி, அதனால் ஊருக்கே குழாய் வராமல் போய்விடுமோ என்று முதல் நாளே கவலை வந்துவிட்டது.

வாசலில் மூடி

செல்லம்மாள் அக்கா வீட்டுக் கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. தெருக்குழாயில் சேர்க்க வேண்டுமானால் இணைப்பு வாசல் வழியாகத்தான் வர வேண்டும். இணைப்புக் குழியின் மூடி சரியாகக் கோலம் போடும் இடத்தில் அமையும். “மகாலட்சுமி வர்ற எடத்துலயா?” என்று கதவைச் சாத்தப் போனார்.

சபியா நிதானமாகக் கேட்டாள்: “இப்ப கக்கூஸ் தொட்டி எங்கக்கா இருக்கு?” அடுப்படிக்குப் பின்னால் என்றார். “நீங்க சோறாக்குற எடத்துக்கு நாலடி தள்ளி வருசக்கணக்கா தேங்கிக் கெடக்கு. இது தேங்காம ஓடிரும்லக்கா.” அக்கா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: “மூடிய மட்டமா வைக்கச் சொல்லு. மேடா வச்சா என் கோலம் கோணிக்கும்.”

தொட்டியைக் காணோம்

ஒரு புது மாடி வீடு. வீட்டுக்காரர் குவைத்திலிருந்தபடியே போனில் சொல்லிக் கட்டிய வீடு. தொட்டி எங்கே என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வீடியோ காலில் கேட்டோம். கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே என்றார் அவர். கொத்தனாரோ மாடிப்படிக்குக் கீழே என்றார். டைல்ஸை உடைக்க யார் சம்மதிப்பார்கள்?

கடைசியில் தொட்டி உறிஞ்சும் லாரி வைத்திருக்கும் தா.பழூர் ஆறுமுகம் அண்ணனைக் கூப்பிட்டோம். வந்தவர் செழித்து நின்ற கறிவேப்பிலை மரத்தடியைக் காலால் தட்டிக் காட்டினார். அங்கேதான் இருந்தது. அதோடு விடவில்லை. எந்த வீட்டுத் தொட்டி எங்கே, எவ்வளவு ஆழம் என்று மூன்று தெருவுக்கும் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எனக்குத்தான் மனசு உறுத்தியது. குழாய் வந்துவிட்டால் லாரியை யார் கூப்பிடுவார்கள்? கேட்டும் விட்டேன். அவர் சொன்னார்: “லாரிய வித்துக்கலாம்மா. தொட்டில எறங்குன எங்க சித்தப்பா மவன் ஏறி வரல. மூடியத் தொறக்கவே வேணாங்குற நாளு வரட்டும்.”

ஆள் அதிகம்

படிவங்களைப் பக்கத்து டவுன் இன்ஜினியர் மேடத்திடம் கொடுத்தோம். கூட்டிப் பார்த்தவர், “இத்தனை பேர் கழிவை எங்க நிலையம் தாங்காதும்மா. சேத்துக்க முடியாது” என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படிவங்களைப் புரட்டினேன். ரேஷன் கார்டைப் பார்த்து நானே எழுதிய எண்கள்தான். கூட்டலில் தப்பில்லை.

சபியா தன் வீட்டுப் படிவத்தை உருவினாள். “அக்கா, எங்க வூட்டுல அஞ்சு பேருன்னு போட்டுருக்கீங்க. எங்க வூட்டுக்காரரும் கொழுந்தனும் ஷார்ஜாலல்ல இருக்காங்க?” புரட்டப் புரட்ட வீட்டுக்கு ஒருவர், இருவர் என்று வளைகுடாவில் இருந்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் கடல் தாண்டிப் போனவரை விட்டுவிட்டு எண்ணுகிற வீடு எங்கள் ஊரில் இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. தலையில் கை வைத்த என்னைப் பார்த்துச் சபியா சொன்னாள்: “அங்க போறவங்களுக்கு இங்க எதுக்குக்கா குழாய்?”

பெயரை அடிக்காதே

விஷயத்தைச் சொன்னதும் மேடம் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுத்தார். மறுபடியும் எல்லா வீட்டுப் படிகளையும் ஏறினோம். மகனை வளைகுடாவுக்கு அனுப்பியிருக்கும் ரஹ்மத்தம்மா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார். “எம் மவன் இந்த வூட்டு ஆளு இல்லேன்னு எழுதப் போறியளா?” சபியா ஓரத்தில் புதிதாக ஒரு கோடு போட்டு, ‘வந்து போகிறவர்கள்’ என்று எழுதினாள். “பேர அடிக்கலம்மா, பக்கத்துல எழுதுறோம். எங்க வூட்டுக்காரரயும் இப்படித்தான் எழுதிருக்கேன்.” அப்படிச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் தகராறு இல்லை.

வெள்ளிக்கிழமை புது எண்களைக் கூட்டிப் பார்த்து, தாங்கும் என்றார் மேடம். அத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் சபியா போட்ட அந்தக் கோட்டில் விரல் வைத்து, இவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டார். பெருநாளுக்கு, கல்யாணத்துக்கு என்றோம். மறுபடி கால்குலேட்டரை எடுத்தார். எங்கள் ஊர் எல்லையில் ஒரு பெரிய தொட்டி கட்டி, அந்த நாட்களில் தேக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பலாம் என்று வரைந்து காட்டினார். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது சபியாவைப் பார்த்துச் சொன்னார்: “பெருநாளுக்கு எல்லாரும் ஒண்ணா வந்தாலும் தாங்கும். வரச் சொல்லுங்க.”

குழாய் வராமல் போய்விடுமோ என்ற கவலை தீர்ந்த அன்றே, குழி தோண்டும்போது தெருவில் எப்படி நடப்பது என்ற கவலையை ஆரம்பித்துவிட்டேன்.