சாக்பீஸ் கோடு

என் தங்கை கணவர் குழாய் வேலை செய்பவர். தண்ணீரைச் சீக்கிரம் வெளியேற்றுவதுதான் அவர் தொழில். சொந்த வீட்டில் மட்டும் அதை நிறுத்திவைக்கப் பார்த்தார்.

தங்கை தையல்காரி. அவள் அறை கொல்லையை ஒட்டி இருக்கிறது. போன மழையில் தண்ணீர் உள்ளே புகுந்து, யாரோ கொடுத்திருந்த புதுத் துணியில் சாயம் இறங்கிவிட்டது. கொல்லை முழுக்க சிமென்ட் போட்டுத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளச் சொன்னாள்.

"ஒரு வருஷம் பொறும்மா. எப்படி வருதுன்னு பாத்துக்கறேன்."

"பாருங்க, பாருங்க. நான் மிஷினைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுக்கறேன்."

பார்த்தார். மழை பெய்யும்போதெல்லாம் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, தண்ணீர் ஓடும் வழியெல்லாம் குச்சி நட்டார். அறைக்குள் தண்ணீர் வந்து நின்ற இடத்தை ஒட்டி, அவள் துணியில் குறி போடும் சாக்பீஸால் கோடு போட்டார். கடைசிக் கோடு பீரோவைத் தொட்டது.

வெயில் வந்ததும் குச்சிகளின் வழியே வளைந்து வளைந்து ஒரு வாய்க்கால் வெட்டினார். முடிவில் ஆழமில்லாத ஒரு குழி. அதில் சருகு, காய்கறித் தோல். கரையில் பப்பாளிக் கன்று.

"என்ன மச்சான், ஊரெல்லாம் அடைப்பு எடுக்கறீங்க, இங்க மட்டும் அடைக்கறீங்க?" என்றேன்.

"அடைக்கல மச்சான். கொஞ்சம் உக்காந்துட்டுப் போகச் சொல்றேன்."

முதலில் பார், பிறகு கை வை என்று நிலத்தைப் பற்றிய புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்களில் எத்தனை பேர் அதற்காக வருடம் முழுக்க வீட்டில் திட்டு வாங்கினார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த மழை வந்தது. "ஒரு சொட்டு உள்ள வந்தாலும் நாளைக்கே கொத்தனார் வர்றார்" என்று தங்கை துடைப்பத்தோடு அறை வாசற்படியில் நின்றாள். தண்ணீர் வாய்க்காலில் திரும்பியது. குழியில் போய் நின்றது. ஆனால் கதவு மூலையில் ஒரு கையகலம் உள்ளே கசிந்தது.

தங்கை குனிந்து பார்த்தாள். பீரோவைத் தொட்ட பழைய கோட்டைப் பார்த்தாள். மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து, ஈரத்தை ஒட்டித் தானே கோடு போட்டாள்.

"கொத்தனார்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. இந்த மூலைக்கும் ஒரு வாய்க்கா வெட்டுங்க."

அவர் சாக்பீஸுக்குக் கை நீட்டினார்.

"இதைத் தொட்டீங்க, கை இருக்காது. எனக்கு வெட்ட வேண்டிய துணி கெடக்கு."