செவ்வந்திப் பாத்தி

திருச்சியில் பூக்காரி கழித்துப்போட்ட செவ்வந்தித் தழையின் வாசனை இன்றைக்கும் என்னைக் கடலுக்கு அக்கரையில் வட்டவளைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. தகரக் கூரையிலிருந்து சொட்டும் மழை, நனைந்த சாக்கு, பிள்ளைகள் நாங்கள் கொத்திவிட்ட நாலு பாத்தி. தோட்டக்கலை சொல்லிக்கொடுக்க வந்த ஐயா, இதைப் படித்தால் பூங்காவில் வேலை, நாற்றுப்பண்ணையில் வேலை, தன்னைப்போல ஊர் ஊராகப் போகும் வேலை என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். செடி கிளைக்க நுனியை மட்டும் கிள்ளச் சொன்னார். அம்மாவோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்ப் பழகிய என் கையோ, தேயிலையைப் போலவே இரண்டு இலையும் மொட்டுமாகப் பாத்தி முழுவதையும் எடுத்து மடியில் கட்டிவிட்டது.

அவர் திட்டவில்லை.

"நல்ல கை. பயிற்சிக்கு எழுதறேன். பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கா?"

எங்கள் வாத்தியார் தரையைப் பார்த்தார். "இவ அப்பாவே இங்க பொறந்தவருதாங்க. ஆனா பத்திரம் இல்லீங்க."

ஐயா பேனாவை மூடினார்.

அந்தச் செடிகள் கிளைத்துப் பூத்தபோது நான் கூடையோடு மலையில் நின்றேன். பல வருஷம் கழித்து, பிரஜாவுரிமை இல்லாதவர்கள் என்று எங்களை இக்கரைக்குக் கப்பலேற்றியபோது ஒரு பத்திரம் தந்தார்கள். தொழில் என்ற இடத்தில் கொழுந்தெடுப்பவள் என்றிருந்தது. அதுதான் என் பேருக்கு வந்த முதல் பத்திரம்.