பூசை மணியைத் தேடிய கொம்பியூட்டர்

எங்கள் தோட்டத்துக்கு முதல் கொம்பியூட்டர் லொறியில் வந்து இறங்கியபோது அதற்கு மாலை போட்டு வரவேற்றார்கள். கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பல வருடம் உழைத்து, அங்கே வேண்டாம் என்று ஆன பிறகுதான் அது மலையேறியது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாலை போட்டிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குப் போகும் பாதையில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் பக்கத்து அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அதைக் கொம்பியூட்டர் வகுப்பாக்கினார்கள். இந்தப் பக்கம் நாங்கள் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருபது குழந்தைகள் முறை வைத்து அழும்.

வகுப்பு நடத்தியது என் சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதாமல் போய், ஆறு மாதம் பண்டாரவளைக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்க் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவள். மெஷினைக் கொடுத்த நிறுவனம் அவளை மூன்று மாதத்துக்கு மட்டும் நியமித்திருந்தது. மூன்று மாத முடிவில் ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் வகுப்பு நிலைக்கும், சித்தியின் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் மெஷின் வேறு தோட்டத்துக்குப் போகும், சித்தி கொழுந்துக் கூடைக்குப் போவாள். அம்மா இதை வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லுவாள்.

அதிகாரி வருவதாகச் சொன்ன நாள் விஜயதசமி. சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் நாள் என்பதால் அதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று தோட்டமே சந்தோஷப்பட்டது. அதற்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியிலிருந்து கணக்குப் புத்தகம் வரை எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துவிட வேண்டும். பூசை முடிந்தால் மறுநாள் காலை வரை ஒன்றையும் தொடக்கூடாது. தொட்டால் படிப்பு போய்விடும். இந்த விஷயத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. கொம்பியூட்டருக்கும் அன்று நாலு மணிக்குப் பூசை என்று முடிவாகியிருந்தது.

அன்று காலை வகுப்பில் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். கொம்பியூட்டரை மூடும்போது அது ஒரு சின்ன இசை வாசித்துவிட்டுத்தான் அணையும். அந்த இசையை மாற்றுவது எப்படி என்று சித்தி முந்தின வாரம் எங்களுக்குக் காட்டியிருந்தாள். சரஸ்வதி பூசையன்று அது மணியோசையோடு கண்ணை மூடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டுப் பூசை மணியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சித்தியும் மற்றப் பிள்ளைகளும் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மைக் முன்னால் மணியை ஆட்டிப் பதிவு செய்து, மூடும் இசைக்குப் பதிலாக அதை வைத்துவிட்டேன். பிள்ளைகளுடைய எதுவும் மெஷினுக்குள் இருக்கக்கூடாது, எல்லாம் அவரவர் ப்ளொப்பித் தட்டில்தான் இருக்க வேண்டும் என்பது சித்தியின் சட்டம். அதனால் மணியோசையையும் என் ப்ளொப்பியிலேயே சேமித்தேன். பிறகு அந்தச் சதுரத் தட்டைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டு போய், சாமி முன்னால் இருந்த என் பாடப் புத்தகங்களுக்கு மேல் வைத்தேன். அம்மா விபூதி தூவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். சித்தியின் சட்டத்தையும் சாமியின் சட்டத்தையும் ஒருசேரக் கடைப்பிடித்த திருப்தியோடு சோறு சாப்பிட்டேன்.

ஒரு மணிக்குத் திரும்பிப் போனபோது சித்தி மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூடச் சொல்லி அரை மணி நேரமாகியும் அது மூடவில்லை. மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிக் காட்டிவிட்டு அப்படியே உறைந்து நின்றது.

தேயிலை பேக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்த என் அப்பாவைக் கூட்டி வந்தார்கள். அவர் மெஷினைப் பார்க்கவேயில்லை, நேராகச் சுவரில் இருந்த பிளக்கைத்தான் பார்த்தார்.

"வயர புடுங்கி விட்டா எல்லாம் அடங்கும்."

"வேணாங்க அத்தான். புடுங்குனா நாளைக்கு போடுறப்ப அதுவே காட்டிக் குடுத்துடும்."

சித்தி சொன்னது உண்மைதான். அந்த மெஷினைச் சரியாக மூடாமல் நிறுத்தினால், அடுத்த முறை எழும்பும்போது, என்னை ஒழுங்காக மூடவில்லை, உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று நீலத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு அரை மணி நேரம் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நாளைக்கு அதிகாரி முன்னால் அப்படி ஒரு கோள் சொன்னால் போதும், கதை முடிந்தது.

"அப்ப ஓடட்டும்னு விட்டுடுவோமா? மழைக்காலம், இடி விழுது. கரண்ட்டுல இருந்தா கருகிப் போயிரும் புள்ள."

விடவும் முடியாது, பிடுங்கவும் முடியாது. பூசை முடிந்தால் தொடவும் முடியாது. நாலு மணிக்குள் ஒரே ஒரு தடவையாவது அது தானாக மூட வேண்டும்.

சித்தி ஒரு கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்தாள். மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தி மெஷினை மறுபடி எழுப்பினாள். அது கோள் சொல்லி, அரை மணி நேரம் சோதித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள். பிறகு அச்சு இயந்திரத்தின் வயரைக் கழற்றிவிட்டு மூடிப் பார்த்தாள். மூடவில்லை. கொப்பியில் எழுதினாள், அது காரணமில்லை என்று. மறுபடி எழுப்பி, மறுபடி அரை மணி காத்திருந்து, பின்னால் ஓடிக்கொண்டிருந்த சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு மூடிப் பார்த்தாள். அதுவும் இல்லை. எழுதினாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றினாள். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் திருஷ்டி கழிக்கச் சொன்னார், சித்தி அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினாள். நானாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். அன்றைக்கு அவளைப் பார்த்து எனக்கு வந்த பெருமை இப்போதும் குறையவில்லை.

மூன்றாவது தடவை அது உறைந்தபோது சித்தி பெட்டியில் காதை வைத்தாள். எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கக் குழந்தைகளும் எப்படியோ அடங்கின. க்ர்ர், க்ர்ர் என்று ப்ளொப்பி போடும் வாய் இரைந்தது. அதன் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

"என்னமோ தேடுது," என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "காலையில யாராச்சும் ப்ளொப்பி போட்டீங்களா? அடிக்க மாட்டேன். தெரிஞ்சா மருந்து குடுக்கலாம், அவ்வளவுதான்."

"நான் போடல சித்தி," என்றேன், அவள் என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே.

அவள் மெஷினை மறுபடி எழுப்பினாள். நான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சாமி படத்துக்கு முன்னால் புத்தகங்களும், அவற்றின் மேல் குங்குமப் பொட்டோடு என் ப்ளொப்பியும் இருந்தன. தொட்டால் படிப்பு போய்விடும். தொடாவிட்டால் சித்தியின் வேலை போய்விடும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கடைசியில், கணக்குப் பாடம் மட்டும் போகட்டும், மற்றதை விட்டுவிடு என்று சரஸ்வதியிடம் கேட்டுக்கொண்டு எடுத்தேன். அழுகை தாங்கவில்லை.

நான் மூச்சிரைக்கப் போய் நின்றபோது சித்தி திரையில் இசைகளின் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாள். அவள் விரல் என் மணியின் பெயர் மேல் இருந்தது. திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டினாள். வைத்தேன்.

"சாமிகிட்ட இருந்ததா?"

"ம்."

"ஒங்கம்மா பாத்தாங்களா?"

"இல்ல சித்தி."

சேலைத் தலைப்பால் விபூதியை ஒரு துகள் விடாமல் துடைத்து, ஊதி, உள்ளே போட்டாள். பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அழித்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டேன்.

"அது தேடினத அதுகிட்டயே குடுத்துப் பாத்தாத்தான், தேடினது இதத்தானான்னு உறுதியாத் தெரியும்."

நாலு மணிக்குப் பூசாரி தட்டோடு வந்துவிட்டார். சித்தி மூடச் சொல்லி மவுஸை அழுத்தினாள். ப்ளொப்பி ஒரு தடவை இரைந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து எங்கள் வீட்டு மணி கணகணவென்று அடித்தது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் தானாகக் கை கூப்பினார்கள். திரை கறுத்து, இனி அணைக்கலாம் என்று செம்மஞ்சள் எழுத்தில் சொன்னது. அப்பா சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றினார். சித்தி எவ்வளவு பொருத்தமாக ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று பூசாரி வியந்தார்.

மறுநாள் அதிகாரி வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். மெஷின் ஒரு முறைப்பாடும் சொல்லாமல் எழும்பியது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்த நேரத்தில், சித்தி அந்தக் கொப்பியை எடுத்து அவரிடம் நீட்டினாள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு எதை மாற்றினாள், எது காரணம் என்று எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில், ப்ளொப்பி பற்றிய விதியைச் சரியாக யோசிக்காதது ஆசிரியரின் பிழை என்று எழுதியிருந்தாள். என் பெயர் எங்கேயும் இல்லை.

அவர் இரண்டு தடவை வாசித்தார். "இதை எழுதாமல் விட்டிருக்கலாமே பிள்ளை. மெஷினைப் பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதுங்க ஐயா. ஆனா மத்த தோட்டத்து மெஷின்லயும் இது வரும்ல. அங்க யாராச்சும் வயர புடுங்கிடுவாங்க."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அதிகாரி கொப்பியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. சித்தியைப் பதுளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வகுப்புக்கு வேறு ஓர் அக்கா வருவாராம். ஊவா மாகாணத்தில் அவர்கள் கொடுத்த மெஷின்கள் அத்தனைக்கும் சித்திதான் இனிப் பொறுப்பு என்றும் அதில் இருந்ததாம். அதையெல்லாம் அப்போது யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாள், அதனால் தோட்டத்தை விட்டே அனுப்புகிறார்கள் என்று நான் தெளிவாக விளங்கிக்கொண்டேன். அம்மா அழுதது, அது சரிதான் என்று எனக்கு உறுதிப்படுத்தியது.

பஸ் வந்து நின்றபோது சித்தியின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். "மணிய வச்சது நான்தான்னு அந்த ஐயாகிட்ட சொல்லிடுறேன் சித்தி. ஒங்கள அனுப்ப வேணாம்னு சொல்றேன்."

சித்தி என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மனவருத்தத்தை மறைக்கத்தான் அப்படிச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"சொல்லிடாத புள்ள," என்றாள். "சொன்னா ஒன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

பஸ் போய்விட்டது. என்னையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், அதன் பிறகு வெகு காலம் நான் அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை.