புற்றுமண் போட்ட பக்கம்

எங்கள் ஊர்க் கபடி அணி தோற்பதை யாராவது தொடர்ந்து படமெடுத்து வைத்திருந்தால், கபடி பழகுகிறவர்களுக்கு அது நல்ல பாடமாக இருக்கும். எதையெல்லாம் செய்யக் கூடாதோ அதெல்லாம் ஒன்றுவிடாமல் வந்திருக்கும். கோட்டைத் தொட்டாயிற்று என்று நினைத்துக் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவனை, அந்தக் கும்பிடு முடிவதற்குள் காலைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார்கள். ஒருமுறை எங்கள் ஆட்கள் இருவர், எதிராளி என்று நினைத்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து உருண்டார்கள். எதிராளி இடுப்பில் கைவைத்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, போகிற போக்கில் இரண்டு பேரையும் தொட்டுவிட்டுப் போனான்.

இந்த அணிக்கு நான் ரசிகன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மல்லிகை விலை ஏறினாலும் இறங்கினாலும் தராசு பிடிக்கிற என் கை ஆடாது. எங்கள் பயல் ஒருவன் 'கபடி கபடி' என்று கோட்டைத் தாண்டினால் போதும், கையோடு காலும் சேர்ந்து ஆடும். பிரஷருக்கு மாத்திரை எழுதிய டாக்டர், "டென்ஷன் உண்டா?" என்று என்னைக் கேட்டார். என் மனைவி முந்திக்கொண்டாள். "வருசத்துல ஒருநாள் உண்டு டாக்டர். மத்த நாளெல்லாம் இவங்களால எங்களுக்குத்தான்."

அந்த ஒருநாள், ஊரில் நடக்கும் கபடிப் போட்டி. ஒவ்வொரு மேட்ச்சிலும் ஜெயிக்கிற அணித் தலைவனுக்குப் போடுகிற மாலை என் கடை உபயம். ஒவ்வொரு வருடமும் எங்கள் தலைவனின் கழுத்தை மனதில் வைத்துத்தான் மாலை கட்டச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் அது வேற்றூர்க் கழுத்தில் போய் விழும். நானே போட வேண்டும், போட்டுவிட்டுச் சிரிக்கவும் வேண்டும்.

போன வருடம் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வாத்தியார் கடைக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர், கபடிப் போட்டியில் மைக் பிடித்து வர்ணனை செய்கிறவரும் அவர்தான். எனக்குச் சிநேகிதர். சிநேகிதர் என்பதால் கெட்ட செய்தியை வேறு யாரும் சொல்லிவிடாதபடி ஓடோடி வந்து சொல்வார்.

"வே, கமிட்டியில முடிவு பண்ணிட்டாவ. இந்த வருசமும் முதல் மேட்ச்சுல தோத்தா, அடுத்த வருசத்துல இருந்து நம்ம ஊரு டீமுக்கு இங்கன எடம் கிடையாது."

"சொந்த ஊர்ல நடக்குற போட்டியிலயா?"

"கல்யாண வீட்டுக்காரன் பந்தியில மொத ஆளா உக்காந்து, சோத்தைக் கொட்டிட்டு எந்திரிச்சுப் போனா எப்படி இருக்கும்? அப்படி இருக்காம்."

"யாரு கூட மேட்ச்சு?"

"புளியங்குடி" என்றார், ஆறுதல் சொல்கிற குரலில்.

அன்று மதியம் வீட்டில் எலுமிச்சம்பழச் சோறு. தட்டைத் தள்ளிவைத்தேன். எலுமிச்சம்பழம் புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து வருவது; எதிரி ஊர்ச் சாறு என் வயிற்றுக்குள் போவதா? "அப்படின்னா மல்லிப்பூவை அவங்க ஊருக்கு அனுப்பாதீங்க" என்றாள் மனைவி. வியாபாரம் வேறு, மானம் வேறு என்று விளக்கினேன். அவள் என் தட்டை எடுத்துத் தானே சாப்பிட்டுவிட்டாள்.

சாயங்காலம் எங்கள் அணித் தலைவனைப் பார்த்துப் புத்தி சொல்லப் போனேன். அவன் மினி பஸ்ஸில் கண்டக்டர். எவ்வளவு கூட்டமானாலும் யார்மீதும் படாமல் பின்வாசல்வரை போய்த் திரும்புகிறவன். அதுதான் எங்கள் அணியின் சிக்கலும்கூட. கபடியில் மேலே படவேண்டும்.

"தம்பி, அவசரப்படாம நிதானமா ஆடணும்" என்றேன்.

"அண்ணாச்சி, நாங்க நிதானமாத்தான் இருக்கோம். நீங்க ஏன் என் கையைப் பிடிச்சு இந்த ஆட்டு ஆட்டுதிய?"

விட்டுவிட்டேன். ஆனால் போட்டி நெருங்க நெருங்க இரவில் கண்ணை மூடினால் கமிட்டிக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மனித முயற்சியால் எங்கள் அணி ஜெயித்ததாக வரலாறு இல்லை. மிச்சமிருப்பது தெய்வம்.

எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதல் மருந்து, கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்தான். அரிப்பு, கட்டி, காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதைக் குழைத்துப் பூசுவோம், நெற்றியில் இடுவோம், ஒரு துளி வாயிலும் போட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டில் பூஜை அலமாரியில் ஒரு டப்பா நிறைய இருந்தது. மனுஷ உடம்புக்கு இவ்வளவு செய்கிற மண், நோஞ்சான் அணிக்கு ஒன்றும் செய்யாமலா போய்விடும்? தோல்வியும் ஒரு தோல்வியாதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் வந்துவிட்டால் எனக்குத் தர்க்கம் பிரமாதமாக வரும்.

மேட்ச் அன்று மத்தியானம் மைதானத்தில் ஈ காக்கை இல்லை. களத்துக்குத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எங்கள் அணி எப்போதும் வேப்பமரத்துப் பக்கம்தான் முதலில் நிற்கும். சாயங்கால வெயில் முதுகில் அடிக்கும், எதிர்ப்பக்கத்துக்காரன் கண் கூசும். அந்தப் பாதியில் டப்பாவைக் கவிழ்த்து, விதை தூவுகிற மாதிரி மூலைக்கு மூலை தூவி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலாலேயே நிரவிவிட்டு வந்தேன்.

டாஸ் என்று ஒன்று உண்டு என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

டாஸில் புளியங்குடி ஜெயித்தது. அவர்கள் தலைவன் சூரியனை ஒருமுறை பார்த்தான், வேப்பமரத்தை ஒருமுறை பார்த்தான். கண் உள்ள எவனும் எடுக்கிற பக்கத்தை எடுத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை விளையாட்டு என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வந்தவனெல்லாம் தொட்டான், தொட்டவனெல்லாம் தப்பித்தான். எங்கள் பயல்கள் அங்கே போனால் காலைக் கவ்வினார்கள். என் டப்பா, என் மண், என் சாமி, எல்லாம் சேர்ந்து புளியங்குடிக்கு ஆடிக்கொண்டிருந்தது. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு "தாயே, நான் சொன்னது அவங்களை இல்ல" என்று முணுமுணுத்தேன். மைக்கில் வாத்தியார், "நம் ஊர் அணி விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதே இல்லை" என்றார். கூட்டம் சிரித்தது. தன் ஊர் தோற்கும்போது சிரிக்கிற கூட்டம் எங்கள் ஊரில் மட்டும்தான் கிடைக்கும், பழகிவிட்டது.

இடைவேளை விசில் ஊதியதும் இரண்டு அணிகளும் பக்கம் மாறின.

முப்பது வருடமாகக் கபடி பார்க்கிறவன் நான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. எழுந்து நின்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம், "இப்பப் பாருங்க, இப்பப் பாருங்க" என்றேன். எதைப் பார்க்க என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையிலேயே ஆட்டம் திரும்பியது. வேப்பமரத்துப் பக்கம் நின்ற எங்கள் பயல்கள் அடுத்தடுத்து ஆளைப் பிடித்தார்கள். கண்டக்டர் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, டிக்கெட் கிழித்துக் கொடுத்த மாதிரி அலட்டலில்லாமல் வந்தான். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. எட்டிப் பிடித்துவிடலாம் என்கிற தூரம். நான் அழவில்லை, கண்ணில் தூசி. அது என்ன தூசி என்று எனக்குத் தெரியும்.

அப்போது அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு நெட்டையன் கபடி பாடிக்கொண்டு வந்து, வேப்பமரத்துப் பக்கத்தில் கால் வைத்தான். ஒரே சுற்றில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுப் போனான். மண் நிற்கிறவனுக்கு உதவுமா, அதன்மேல் வந்து கால் வைக்கிறவனுக்கு உதவுமா? இதை நான் யோசித்தே பார்க்கவில்லை. படித்த மனிதர் ஒருவரிடம் கேட்காவிட்டால் நெஞ்சு நின்றுவிடும் போலிருந்தது. நேராக வர்ணனை மேசைக்குப் போய்க் குனிந்தேன்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். புத்துமண்ணு நிக்கவனுக்கு உதவுமா, வாரவனுக்கு உதவுமா?"

"என்னது?"

"கோவில் புத்துமண்ணு, வே. வேப்பமரத்துப் பக்கம் பூரா தூவிருக்கேன். நம்ம பயலுவளுக்குன்னுதான் போட்டேன். இப்பம் உள்ள வாரவன்லா சாமி வந்த மாதிரி ஆடுதான்."

"என்கிட்ட ஏன் வே கேக்கீரு? நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற ஆளு" என்றார். பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அதோட, மைக்கு ஆன்ல இருக்கு" என்றார்.

மைதானத்தின் அந்தக் கோடியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து என் குரல் சற்றுத் தாமதமாக எனக்கே திரும்பி வந்தது. ஆடுதான்... ஆடுதான்...

களத்தில் அந்த நேரம் நெட்டையன் மறுபடியும் பாடிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் கால் வைத்திருந்தான். புளியங்குடிக்காரன் என்றாலும் எங்கள் கோவிலுக்கு வருகிறவன்தான். சட்டென்று நின்றான். குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையைக் கண்ணில் வைத்தவன் வாயில் கபடி எப்படி வரும்? பாட்டு நின்றுவிட்டது. நடுவர் விசில் ஊதி அவனை வெளியே அனுப்பினார். எங்களுக்கு ஒரு புள்ளி. புற்றுமண் எனக்குப் பெற்றுத்தந்த ஒரே புள்ளி அது.

அடுத்த கணம் எங்கள் பக்கத்தில் குழப்பம். பிரசாதத்தின்மேல் அல்லவா நின்றுகொண்டிருக்கிறார்கள்! ஒருவன் ஒற்றைக் காலில் நின்றான். மூலையில் நின்ற இருவர் பாவம் சேராத இடம் தேடிப் பின்னால் நகர்ந்து, கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். நடுவர் அவர்களையும் அவுட் என்றார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல், "நெத்தியில இடுத மண்ணை மிதிக்கவா போடுவாவ? இந்த ஆளுக்கு வீட்ல பொம்பள இல்லையா?" என்றது. இருக்கிறாள். அதே வரிசையில்தான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண்டக்டர் களத்திலிருந்து என்னைக் கூப்பிட்டான். "அண்ணாச்சி, காலை எங்கன வைக்கணும்னு சொல்லிருங்க. வைக்கோம்."

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மண்வெட்டி வந்தது. வேப்பமரத்துப் பக்கம் மேல்மண்ணை வழித்துக் கூடையில் அள்ளினார்கள். போட்டவன்தான் சுமக்க வேண்டும் என்று புளியங்குடித் தலைவனே தீர்ப்புச் சொன்னான், கமிட்டியும் தலையாட்டியது. கால் படாத இடத்தில் கொட்ட வேண்டும். ஆயிரம் பேர் நிற்கிற மைதானத்தில் கால் படாத இடம் எங்கே இருக்கிறது? கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவரோரம் நடந்துகொண்டிருந்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கியது.

கடைசி நிமிடங்களை நான் பார்க்கவில்லை. கூடையோடு திரும்பினால் மண் சிந்தும், சிந்தினால் இன்னொரு பாவம். சுவரைப் பார்த்து நின்று வாத்தியாரின் குரலை மட்டும் கேட்டேன். ஒரு புள்ளி எடுத்தால் சமன் என்றார். கண்டக்டர் போகிறான் என்றார். ஒருவனைத் தொட்டுவிட்டான், திரும்புகிறான் என்றார். கோட்டுக்கு ஒரு சாண் என்றார். பிறகு குழாயில் மூச்சு மட்டும் கேட்டது.

"நம் ஊர் அணி" என்றார் கடைசியாக, "இந்த வருடமும் வழக்கத்தைக் கைவிடவில்லை." அந்தக் குரலில் கிண்டல் இல்லை. மைக்கை அணைக்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டபோதுதான் அந்த மனிதருக்கும் வலித்திருக்கிறது என்று தெரிந்தது.

புளியங்குடித் தலைவனுக்கு நான்தான் மாலை போட்டேன். கழுத்தை நீட்டுவதற்கு முன் அவன் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அண்ணாச்சி, இதுல ஒண்ணும் வைக்கலையே?"

கூடை மண் வீட்டு மாடிக்குப் போய், மனைவியின் மல்லித் தொட்டிகளில் விழுந்தது. "உடம்புல பூசுத மண்ணை ஊரைக் கூட்டி மிதிக்க வச்சுட்டிய" என்றாள். ஒரு மாதம் வேறெதுவும் பேசவில்லை. அந்தத் தொட்டிகளில் பூ அப்படிப் பூத்தது. நான் தூவியதில் ஜெயித்தது அதுதான்.

இந்த வருடம் கமிட்டி சொன்ன சொல் தவறவில்லை. ஊரில் போட்டி நடந்தது, எங்கள் அணி இல்லை. எல்லா மேட்ச்சுக்கும் மாலை கொண்டுபோனேன். எந்தக் கழுத்தில் விழுந்தாலும் எனக்கு ஒன்றுதான். கை நடுங்கவே இல்லை. டாக்டர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார். வீட்டுக்கு வந்து, தோற்பதற்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் கண்டக்டர் கடைக்கு வந்தான். கரிவலம்வந்தநல்லூரில் ஒரு போட்டி, அங்கே இவர்களைச் சேர்த்துக்கொண்டார்களாம். முதல் மேட்ச் யாரோடு என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். புளியங்குடி.

"வாங்க அண்ணாச்சி. நீங்க இல்லாம தோத்தா, ஏன் தோத்தோம்னு பயலுவளுக்குக் காரணம் தெரியாம போயிரும்."

கிளம்பும்போது மனைவி வாசலில் நிறுத்தி என் சட்டைப்பையைப் பார்த்தாள், வேட்டி மடிப்பைப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்தாள். பிறகு ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள். பிரிக்காமலே வாசனை தெரிந்தது. எலுமிச்சம்பழச் சோறு.

பஸ் படியில் கண்டக்டர் நின்றிருந்தான். "கையை விரிங்க அண்ணாச்சி." விரித்தேன். உள்ளங்கை இரண்டும் ஈரமாக இருந்தன, வேறொன்றுமில்லை. ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, எதிரி ஊர்ப் புளிப்பை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பஸ் ஊரைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"தம்பி, அங்கன வெயில் எந்தப் பக்கம் விழும்?"

பஸ்ஸிலிருந்த மொத்த அணியும் என்னைத் திரும்பிப் பார்த்தது.