ஐந்து மணிப் பாட்டு முடிந்ததும்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுத் தள்ளுங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. என் வீட்டுக்காரரே பாதிதான் நம்புகிறார். ஆனால் என் இரண்டு காதாலும் கேட்டதை நடக்கவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நாங்கள் ஜப்பானுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. வெளிநாட்டுக்காரர் என்றாலே வீட்டு ஏஜென்டுகள் கையை விரிப்பார்கள். டோக்கியோ பக்கத்துக் கவாகுச்சியில் ஒரு ஏஜென்ட் மட்டும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கையில் கொடுத்தார். மூன்றாவது மாடி. எதிரிலேயே பள்ளிக்கூடம். ஏப்ரலில் எங்கள் மகள் பொன்னி அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். முதுகில் மாட்டும் சிவப்புத் தோல்பை கூட வாங்கியாகிவிட்டது.

குடிவந்த முதல் சனிக்கிழமை ஒன்று நடந்தது. அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தினமும் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும். விளையாடியது போதும், பிள்ளைகளே, வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம். அன்றைக்குப் பாட்டு முடிந்தபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் "ததாய்மா" என்று குரல். வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டு நுழைவது இந்த ஊர் வழக்கம். பொன்னியும் அப்படித்தான் நுழைவாள். நான் அடுப்படியில் நின்றபடியே "ஒகாயெரி" என்றேன். வந்துட்டியா, வா என்று பதில்.

திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. பொன்னி அவள் அப்பாவோடு நீச்சல் வகுப்பிலிருந்து வந்தது ஆறு மணிக்கு. எண்ணெய்ச் சத்தத்தில் ஏதோ கேட்டிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து தொல்லை ஆரம்பித்தது. ஐந்து மணிப் பாட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் காலிங்பெல் அடிக்கும். கீழ்வீட்டு குசகா சான். சான் என்றால் இங்கே ஐயா மாதிரி. தனி ஆள், வாகன நிறுத்தத்தில் காவல் வேலை. சனிக்கிழமைதான் அவருக்கு லீவு.

"தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தை ரொம்ப ஓடுது. கொஞ்சம்..."

"எந்தக் குழந்தைங்க? என் பொண்ணு நீச்சலுக்குப் போயிருக்கா. நான் ஒருத்திதான் உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டிருக்கேன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்து நிற்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குப்பையை யார் மாற்றிப் போட்டாலும் நாங்கள். மாடிப்படியில் என்ன வாடை அடித்தாலும் நாங்கள். இப்போது இல்லாத பிள்ளை ஓடினாலும் நாங்களா?

"விடு மயிலு. வயசான மனுஷன், காதுல ஏதோ கோளாறு," என்றார் என் வீட்டுக்காரர் கதிரேசன்.

"உங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்குக் குளத்துல குதிச்சிட்டு வந்துடுறீங்க. வாங்கிக் கட்டிக்கிறது நான்தானே."

தடிமனான விரிப்பு வாங்கிக் கூடம் முழுக்கப் போட்டோம். பொன்னியை வீட்டுக்குள் பூனை மாதிரி நடக்க வைத்தேன். பாவம், அவள் சிரிப்பதற்குக் கூட என் முகத்தைப் பார்த்தாள். அப்படியும் ஏஜென்ட் போன் செய்தார். இன்னொரு புகார் வந்தால் மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாதாம். வீடு போனால் பள்ளிக்கூடமும் போச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நேரே கீழே போய் குசகா சானிடம் சொல்லிவிட்டேன். "வர்ற சனிக்கிழமை என் வீட்டைப் பூட்டிட்டு உங்க வீட்ல வந்து உக்காருறேன். சத்தம் வரலேன்னா ஏஜென்டுக்கு நீங்களே போன் பண்ணி, உங்க புகார் தப்புன்னு சொல்லணும்."

"சரி," என்றார்.

சனிக்கிழமை கதவைப் பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு பெட்டி அரிசி முறுக்கோடு இறங்கினேன். அவர் தேநீர் வைத்தார். சாவி என் உள்ளங்கையில் இருந்தது.

பாட்டு வந்தது. முடிந்தது.

மேலே ஒரு சத்தமும் இல்லை. பாத்தீங்களா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

கிறீச்...

எங்கள் வாசல் கதவு. அந்தக் கீல் சத்தம் எனக்குத் தெரியாதா?

சாவி என் கையில்தான் இருந்தது.

"ததாய்மா."

சின்னக் குரல். தரை வழியாகத் தெளிவாகக் கேட்டது. பொன்னியின் குரல் இல்லை.

குசகா சானின் கைக் கோப்பை அப்படியே நின்றது.

"ததாய்மா..."

பதில் இல்லை. யார் சொல்வார்கள், நான்தான் இங்கே இருக்கிறேனே.

தட் தட் தட் தட்... ஓட்டம். அடுப்படியில் நின்றது. மறுபடி ஓட்டம். குளியலறைக் கதவு. அலமாரிக் கதவு... சர்ர்ர். நான் எங்கெல்லாம் இருப்பேனோ அங்கெல்லாம் தேடியது.

என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

பிறகு வாசல் பக்கம் நடந்தது.

கிறீச்...

படியில் கால் சத்தம்.

ஒவ்வொரு படியாக...

கீழே...

இந்தக் கதவுக்கு வெளியே நின்றது.

"ததாய்மா."

அம்மாவைக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளையின் குரல். பழக்கதோஷம்... என் வாய் தானாகத் திறந்தது. குசகா சான் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"பதில் சொல்லாதீங்க," என்றார், காற்று மாதிரி.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கதிரேசன் பொன்னியோடு வந்து பெல் அடித்தபோதுகூட அவர் கையை எடுக்கவில்லை. "மயிலு, உள்ள இருக்கியா?" என்ற பிறகுதான் எடுத்தார்.

அப்புறம்தான் சொன்னார். "நீங்க வர்றதுக்கு முன்னாடி அந்த வீடு மூணு வருஷம் காலி. அப்பவும் பாட்டு முடிஞ்சதும் மேல வாசல்ல ஒரு குழந்தை கூப்பிடும். படியில விளையாடுற பிள்ளைன்னு இருந்துட்டேன். கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிடும். உள்ள ஓடுற சத்தம் நீங்க வந்தப்புறம்தான். அதான் உங்க பொண்ணுன்னு நினைச்சேன். அது கூப்பிட்டப்போ நீங்க பதில் சொன்னீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஒகாயெரி விருந்தாளிக்குச் சொல்றதில்லம்மா. வீட்டு ஆளுக்கு மட்டும்தான்."

"யாரோட குழந்தை அது?"

"நாப்பது வருஷமா இங்க இருக்கேன். இந்தக் கட்டடத்துல எந்தக் குழந்தையும் சாகல. எனக்குத் தெரியல."

இவ்வளவு நாள் ஏன் காலியாகக் கிடந்தது என்று இந்த ஊர்க்காரராக இருந்தால் கேட்டிருப்பார். நாங்கள் கேட்க மாட்டோம் என்றுதான் அந்த ஏஜென்ட் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்திருக்கிறார். அவரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பத்து நாளில் காலி செய்தோம். அந்தப் பள்ளிக்கூடம் போனது போனதுதான். பொன்னி தோல்பையை மாட்டிக்கொண்டே அழுதாள். இரண்டு ஸ்டேஷன் தள்ளி வேறு வீடு. இந்த முறை நான் பிடிவாதமாகத் தரைத்தளம்தான் கேட்டேன். ஓடுது, குதிக்குது என்று இனி எவரும் வந்து நிற்கக்கூடாது.

போன வாரம் குசகா சான் போன் செய்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"சனிக்கிழமை நிம்மதியா தூங்குறேன்மா. நீங்க போன நாள்லேர்ந்து மேல ஒரு சத்தமும் இல்ல. வாசல்ல கூப்பிடுறது கூட இல்ல. ரொம்ப நன்றி."

போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றேன். அந்த வீட்டிலும் ஓடுகிற சத்தம் எங்களுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. கீழே இருந்தவருக்குத்தான் கேட்டது.

இந்த வீட்டுக்குக் கீழே யாரும் இல்லை.