நாலாவது கோச்

எங்க வீட்டு மாடியில குடியிருக்கிற பிரேம்நாத் துறைமுக ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவர். பர்மிய வழக்கப்படி அண்ணன்ங்கிற அர்த்தத்துல 'கோ பிரேம்'னுதான் கூப்பிடுவேன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. ஒரே மக ராதா இங்கிலாந்துல. இந்தத் தின்கன்ஜூன் பேட்டையில, கீழ்வீட்டுல தையல் மெஷினோட மல்லுக்கட்டுற எனக்கு, மேல அவர் நடக்கிற சத்தம்தான் கேக்கும். பேச்சுச் சத்தமே கேக்காது.

ராதா அங்க வெல்பரின்னு ஒரு சின்ன ஊர் ஃபுட்பால் கிளப்புல சமையல்காரி. நாலாவது டிவிஷன்ல கடைசியில கிடக்கிற கிளப்பு. பயிற்சிக்கு வர்ற ஆட்டக்காரங்களுக்கு அவதான் ஆக்கிப் போடணும். ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல வேற வேலை. இவர் கூப்பிட்டா, "வேலையா இருக்கேன்ப்பா"ன்னு வச்சிடுவா.

செப்டம்பர்ல அந்தக் கிளப்பு கோச்சைத் தூக்கிட்டாங்க. அன்னைக்குப் பயிற்சி இல்ல, சமையல்கட்டுக்கும் லீவு. இங்க விளக்கு வைக்கிற நேரம், மேல ஃபோன் அடிச்சுது. ஒரு மணி நேரம் பேசினா! மனுஷன் சிரிச்சது கீழ எனக்கே கேட்டுது. நவம்பர்ல ரெண்டாவது ஆள் போனான், மறுபடி ஃபோன். டிசம்பர் கடைசியில மூணாவது ஆளும் போனான். அப்பவும் கூப்பிட்டா.

செவ்வாய்க்கிழமைகள்ல நானும் அவரும் பஸ் ஏறி பபேடான் பக்கம் அம்மன் கோயிலுக்குப் போவோம். அங்க அவர் பண்ற கூத்து இருக்கே! கோச்சு பேருக்கு அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டா, வெள்ளைக்காரனுக்கு ஏது நட்சத்திரம்? மகளோட நட்சத்திரத்தையே, ரோகிணின்னு சொல்லிடுவார்.

"அடேயப்பா! சம்பளம் வாங்குறது அவன், தேங்காய் உடைக்கிறது நீங்களா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அவர் பாட்டுக்கு விபூதி பூசிக்குவார்.

ஜனவரியில வந்த நாலாவது ஆள், டேரன், கெட்டிக்காரன். தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயிச்சு கிளப்பை மேல கொண்டுவந்துட்டான். மார்ச்சுல ஃபோன்ல அந்தச் சேதியைப் படிச்சதும் சேமியா பாயாசம் வச்சு எடுத்துக்கிட்டு மாடி ஏறினேன். கரண்ட் வந்த நேரம். சார்ஜ்ல கிடந்த ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருந்தார்.

"கோ பிரேம், உங்க வேண்டுதல் பலிச்சிடுச்சு!"

"எங்க பலிச்சுது சாந்தா? இவனையும் சீக்கிரம் தூக்கணும்னுதானே வேண்டினேன். அவ குரல் கேட்டு மூணு மாசமாகுது. இவனுக்கு மூணு வருஷம் கான்ட்ராக்ட் வேற குடுத்துட்டாங்களாம்."

எனக்கு வந்ததே கோபம். பெத்த பொண்ணு பேசணும்னா ஊரான் பொழப்பு கெடணுமான்னு வாய் வரைக்கும் வந்துது. அவர் மூஞ்சியைப் பாத்ததும் அடங்கிட்டேன். அழுகைதான் வந்துது. பாயாசத்தை அவர் தொடவே இல்ல.

அடுத்த செவ்வாய் அவருக்குக் காய்ச்சல். நான் மட்டும் கோயிலுக்குப் போனேன். குருக்கள் பேர் கேட்டார். டேரன், ரோகிணி நட்சத்திரம்னேன். பாவம், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். தாயே, அவனுக்கு வேற நல்ல இடத்துல வேலை கிடைக்கட்டும், ஆனா அங்கேருந்து கிளம்பட்டும்னு நானும் வேண்டிக்கிட்டேன்.